மிக்ஸிங் மேசையிலிருந்து டிசைன் மேசைக்கு

11 வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தேன். இப்போது சொந்தமாக டிஜிட்டல் டிசைன் தொழில். "அப்போ பாட்டை விட்டுட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை.

விட்ட மாதிரியே இல்லை. மிக்ஸிங்கில், அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் கலக்கும்போது, குரல் அமுங்கினால் எடுத்த எடுப்பில் குரலை ஏற்ற மாட்டோம். அதே அதிர்வெண்ணில் வந்து முட்டும் கிட்டாரைக் கொஞ்சம் இறக்குவோம். "பட்டன் கண்ணில் படவில்லை, பெரிதாக்குங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால் இப்போதும் அதே வேலைதான். பட்டனைத் தொடாமல், சுற்றிக் கத்திக்கொண்டிருப்பதை அடக்குகிறேன்.

தொடங்கியதே ஆல்பம் அட்டையில்தான். 3000 பிக்சல் சதுரத்தில் ஆசை ஆசையாக வரைந்தேன். ஃபோனில் நகம் அளவுக்குச் சுருங்கியதும் பாடகர் பெயரையே காணோம்! அன்றிலிருந்து எதையும் முதலில் சின்னதாக்கித்தான் பார்ப்பேன்.

காதை நம்பிப் பழகியவனுக்கு விதிகள்தான் எரிச்சல். வெளிர் சாம்பல் எழுத்து எனக்கு அழகு. ஆனால் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் 4.5:1 மாறுபாடாவது வேண்டும் என்கிறது, இணையப் பக்கங்களை எல்லோராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டியின் ஏஏ என்ற நடு நிலை. சரி, கறுப்பாக்கினேன்.

அப்புறம் காசு. ராயல்டி எப்போது வரும் என்று காத்திருந்த காலம் போய், இப்போதெல்லாம் பாதி முன்பணம் வராமல் கோப்பைத் திறப்பதில்லை. இதை அன்றே செய்திருக்கலாம்.