சல்லடையில் நழுவிய கோப்பு

கணினித் தடயவியல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. (விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) ஒரு நிறுவனத்தின் வரைபடங்கள் வெளியே போய்விட்டன, சந்தேகப்பட்டவரின் லேப்டாப் டிஸ்க்கை நகலெடுத்து என்னிடம் கொடுத்தார்கள். ஆட்டாப்ஸி என்ற டிஸ்க் ஆராயும் மென்பொருளில் ஏற்றினால் நாலு லட்சத்துச் சொச்சம் கோப்புகள். பெரும்பாலும் விண்டோஸ் தன் பாட்டுக்குப் போட்டு வைத்த டிஎல்எல், எழுத்துரு, ஐகான்.

இதையெல்லாம் கழித்துக்கட்டத்தான் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி தரும் என்எஸ்ஆர்எல் பட்டியல். ஊர்ப்பட்ட மென்பொருள்களைச் சேகரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரி) போட்டு இலவசமாக வெளியிடுகிறார்கள். நோட்பேடுக்கு 'கல்யாணம்.ஜேபிஜி' என்று பெயர் வைத்தாலும் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரு பைட்டைத் தொட்டால் போதும், அடையாளமே தெரியாமல் மாறிவிடும். காலிக் கோப்பு எந்தப் பெயரில் எங்கே கிடந்தாலும் ஒரே ஹாஷ்தான். ஷா-1 என்ற முறையில் கணக்கிட்டால் டிஏ39ஏ3 என்று தொடங்கும். எங்கள் வீட்டு பழைய போன் நம்பர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

'தெரிந்த கோப்புகளை மறை' என்பதை டிக் செய்தேன். அறுபதாயிரம் மிஞ்சியது. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். மெயில், பில், ரோஜாப்பூப் படங்கள். ஒன்றும் இல்லை என்று எழுதப் போனபோது எங்கள் சீனியர் வந்து, "மறைச்சு வெச்சதை ஒருதரம் எடுத்துப் பார்த்தியா தம்பி?" என்றார்.

டிக்கை எடுத்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், படங்களுக்குள் வேறு கோப்பை ஒளித்து வைக்கும் ஸ்டெகனோகிராஃபி மென்பொருள் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதுவும் ஊரறிந்த மென்பொருள்தானே, பட்டியலில் இருக்கிறது! என்எஸ்ஆர்எல் 'இதைத் தெரியும்' என்றுதான் சொல்கிறது, 'நல்லது' என்று சொல்லவே இல்லை. ஹேக்கிங் கருவிகள்கூட அதில் உண்டு. ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் பட்டியல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாகவே வருகிறது. அதில் மென்பொருளின் வகையைச் சொல்லும் ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஸ்டெகனோகிராஃபி, ஹேக்கர் கருவி என்று வருபவற்றை முதலில் பிரித்தெடுத்து, 'கவனி' என்று தனித் தொகுப்பாக ஏற்றிவிடுவேன். அப்புறம்தான் மறைப்பதெல்லாம்.

அந்த ரோஜாப்பூக்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 9 எம்பி.