ஃபோர்மனை எதை வைத்து எடை போடுவது?

விளையாட்டு டெஸ்க்கில் ஆட்டச் செய்தி எழுதும்போது யாரும் நம்மிடம் கருத்து கேட்பதில்லை. யார் ஜெயித்தார், எத்தனை ரன், எத்தனை விக்கெட் எல்லாம் ஏஜென்சி காப்பியிலேயே இருக்கும், தமிழில் சரியாக எழுதினால் போதும். இரங்கல் செய்தி அப்படியில்லை. இறந்தவர் எத்தனை பெரிய ஆள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும், அதையும் பக்கத்தில் மிச்சம் இருக்கிற இடத்துக்குள் சொல்ல வேண்டும். நான் இந்த வேலையில் சண்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி செய்திகளுக்காகத்தான்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 2025 மார்ச் 21-ல் 76 வயதில் காலமானார். இங்கே செய்தி வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை காலை. ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் சாவதற்கு அதைவிட மோசமான நாள் எங்கள் பக்கத்துக்கு வாய்த்திருக்க முடியாது. அன்று இரவு ஈடன் கார்டனில் ஐபிஎல் தொடக்கம், மறுநாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும். தோனி படத்தை எத்தனை காலம் (column) அகலத்துக்குப் போடுவது என்பதுதான் மதியக் கூட்டத்தின் முக்கியப் பிரச்னை. ஃபோர்மனுக்குப் பக்கத்தின் அடியில் இரண்டு காலம், ஒரு சின்னப் படம். சரி, அது கிடைத்ததே பெரிசு.

தலைப்பு என்ன என்று கேட்டதும் ஆரம்பித்தது. எங்கள் சீனியர் யோசிக்கவே இல்லை: "அலியிடம் தோற்ற ஃபோர்மன் காலமானார்னு போடுப்பா, அப்பத்தான் யாருன்னு புரியும்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மூரில் குத்துச்சண்டை என்றாலே முகமது அலிதான். 1980-ல் அலி மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியதையும், எம்.ஜி.ஆர். பக்கத்தில் நின்ற படத்தையும் இன்றைக்கும் பேசுகிற தலைமுறை அது. அவர்களுக்கு ஃபோர்மன், ஃப்ரேஸியர், லிஸ்டன் எல்லாருமே அலி கதையில் வந்து போகிற எதிராளிகள்.

பக்கம் போடுகிற தம்பிக்கு அலியே பழைய ஆள். அவனுக்கு ஃபோர்மன் என்றால் கிரில் மெஷின் விற்றவர். "சார், பத்து கோடிக்கு மேல வித்திருக்காங்களாம், 1999-ல பேரை மட்டும் 13.75 கோடி டாலருக்கு வித்திருக்காரு, அதைத் தலைப்புல வைக்கலாமே" என்றான். இணையத்துக்கு அந்தத் தலைப்பு நன்றாக ஓடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மனுஷனின் சாவைச் சமையல் சாதனத்தோடு தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

நான் சீனியரிடம் ஒன்று கேட்டேன். 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை ஜெயித்ததை ஏன் இத்தனை பெரிய வெற்றி என்கிறோம்? அந்த நாள் வரை அலி தோற்றது இரண்டே பேரிடம்தான், 1971-ல் ஜோ ஃப்ரேஸியர், 1973 மார்ச்சில் கென் நார்ட்டன். நார்ட்டன் அலியின் தாடையையே உடைத்தவர். அந்த இரண்டு பேரையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் முடித்துவிட்டார். கிங்ஸ்டனில் ஃப்ரேஸியர் ஆறு முறை கீழே விழுந்தார், அதுவரை 29 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காத ஆள். கராகஸில் நார்ட்டனுக்கும் அதே கதி. அதனால்தான் 40 சண்டையும் ஜெயித்த 25 வயது ஃபோர்மன் முன்னால் 32 வயது அலி போய் நின்றபோது, அலிக்கு உயிருக்கே ஆபத்து என்று பலர் பயந்தார்கள். அலி அன்றைக்கு அத்தனை உயரத்துக்குப் போனது ஃபோர்மன் அத்தனை உயரத்தில் இருந்ததால்தானே? ஒருவரைத் தூக்கிவிட்டு அதே கையால் இன்னொருவரைக் கீழே இறக்குவது என்ன கணக்கு?

சீனியரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஃப்ரேஸியர் அப்ப தேஞ்சு போயிட்டாருப்பா, அலியோட முதல் சண்டையிலயே பாதி உசுரு போயிடுச்சு" என்றார். இதைப் பலர் சொல்வார்கள், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அதே ஃப்ரேஸியர்தான் 1975 அக்டோபரில் மணிலாவில் அலியை 14 ரவுண்டு வரை இழுத்துக்கொண்டு போனவர். தேய்ந்தவரிடம் அது நடக்காது. இன்னொரு பக்கம், முதல் முறை பட்டத்தை வைத்திருந்தபோது ஃபோர்மன் அதைக் காத்தது இரண்டே தடவைதான் என்று சீனியர் சொன்னார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று டோக்கியோவில் ஹோஸே ரோமன், முதல் ரவுண்டிலேயே முடிந்தது. இன்னொன்று நார்ட்டன். அவ்வளவுதான்.

இங்கேதான் பிரச்னை. எந்த அளவுகோலை எடுத்தாலும் வேறு ஆள் முதலில் வந்து நிற்கிறார். பட்டத்தைக் காத்த எண்ணிக்கை என்றால் 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ், 25 தடவை. தோல்வியே இல்லாதவர் என்றால் ராக்கி மார்சியானோ, 49 சண்டை, 49 வெற்றி. ஆனால் மார்சியானோ வீழ்த்திய லூயிஸுக்கு அப்போது 37 வயது, மார்சியானோவிடம் பட்டத்தை இழந்த வால்காட்டுக்கு 38. லூயிஸ் 1941-ல் மாதத்துக்கு ஒருவர் என்று அடித்த வரிசையை அன்றைய பத்திரிகைகளே கிண்டல் செய்தன. ஃபோர்மன் கணக்கு 81 சண்டை, 76 வெற்றி, அதில் 68 நாக் அவுட். பார்க்க மிரட்டுகிற எண்தான், ஆனால் 1987-ல் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்த பிறகு அவர் சாய்த்தவர்களில் முக்கால்வாசிப் பேரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. எண்ணை மட்டும் வைத்து எழுதுகிற இரங்கல் செய்தியை நான் நம்புவதில்லை. காப்பி எழுத வசதி என்பதால்தான் அந்த எண்கள் முதல் பத்தியில் போய் உட்காருகின்றன.

அந்த நேரத்தில் பிழை திருத்துகிற அண்ணன் டீ குடிக்க வந்தார். வியாசர்பாடிக்காரர், சின்ன வயசில் கிளவுஸ் மாட்டியவர், வடசென்னையில் அப்படி ஆட்கள் நிறைய. எல்லாரும் ஃபோர்மனின் வலது கையையே பேசுகிறீர்களே, இடது ஜாபை, முன்கையை நீட்டிக் குத்துகிற அந்த நேர்க்குத்தைப் பார்த்தீர்களா என்றார். அந்த ஜாப் எதிராளி மூஞ்சியில் மோதி அவனைப் பின்னால் தள்ளும், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று நின்றுகொண்டே செய்து காட்டினார். டீ கொஞ்சம் கீபோர்டில் சிந்தியது. அவர் சொன்னது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. 25 வயதில் எதிராளியை நசுக்கப் பயன்பட்ட அதே ஜாப்தான், கால் ஓடாத 40-களில் அவரை ரிங்கில் நிறுத்தி வைத்தது. இரண்டு ஃபோர்மன் இருந்தார்கள் என்று எழுதுவது வழக்கம், கோபக்கார இளைஞன் ஒருவர், சிரித்த முகப் போதகர் ஒருவர் என்று. சுபாவத்துக்கு அது சரியாக இருக்கலாம், கை என்னவோ ஒரே கைதான்.

1977-ல் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் தோற்று, ட்ரெஸ்ஸிங் ரூமில் கடவுளைக் கண்டதாகச் சொல்லி, குத்துச்சண்டையை விட்டுப் பிரசங்கியாகி, ஹூஸ்டனில் இளைஞர் மையம் நடத்தப் பணம் வேண்டும் என்று மறுபடி வந்தவர். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். அதை நீட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தலைப்பைப் பற்றிய எங்கள் சண்டையே அங்கேதான். சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26 வயது, 35 சண்டையில் தோல்வி இல்லை. ஃபோர்மனுக்கு 45. இருபது வருஷத்துக்கு முன் கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு ட்ரவுசரைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி இப்போது இவர் மூலையில். ஒன்பது ரவுண்டு முழுக்க அடி வாங்கினார், மூன்று நடுவர்களின் புள்ளிச் சீட்டிலும் மூரர்தான் முன்னால். மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ், ஃபோர்மன் எதிரே நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று கத்திக்கொண்டிருந்தார். பத்தாவது ரவுண்டில் குட்டையாக ஒரு வலது, மூரர் மல்லாந்தார். உலகின் மிக வயதான ஹெவிவெயிட் சாம்பியன்.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றான் தம்பி. சீனியர் விடவில்லை. அந்தச் சண்டை ஃபோர்மனுக்குக் கிடைத்ததே எப்படி என்று கேட்டார். 1993-ல் டாமி மாரிசனிடம் தோற்று, அதன் பிறகு ஒரு சண்டைகூடப் போடாமல், அனுமதி மறுத்த குத்துச்சண்டை அமைப்பைக் கோர்ட்டுக்கு இழுத்து வாங்கிய வாய்ப்பு. ஜெயித்த பிறகு? டோனி டக்கரோடு மோதாததால் ஒரு பெல்ட், அதாவது ஒரு அமைப்பு தரும் பட்டம், போனது. ஆக்ஸல் ஷுல்ஸ் என்ற ஜெர்மானியரிடம் 1995-ல் தோற்றிருக்க வேண்டியது, நடுவர்கள் காப்பாற்றினார்கள், மறு ஆட்டத்துக்கு மறுத்து இன்னொரு பெல்ட்டையும் விட்டார். இத்தனையும் உண்மை. இதையெல்லாம் விட்டுவிட்டு 45 வயசு அதிசயம் என்று மட்டும் எழுதினால் அது பாதிச் செய்தி.

அங்கே நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்வேன். ஃபோர்மனை எடை போட மூரர் சண்டையை எடுக்காதீர்கள், 1991 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் இவான்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்றதை எடுங்கள். மூரரைச் சாய்த்தது ஒரு குத்து. ஒரு குத்தில் அதிர்ஷ்டம் என்று வாதாட இடம் உண்டு. ஹோலிஃபீல்டு 28 வயது, எல்லா பெல்ட்டும் கையில் இருந்த, தோற்காத சாம்பியன். 42 வயது ஃபோர்மன் அவர் முன்னால் 12 ரவுண்டு நின்றார். இடைவேளையில்கூட ஸ்டூலில் உட்காரவில்லை. ஹோலிஃபீல்டு அடுக்கடுக்காக அடித்தும் அவர் விழவில்லை, திருப்பி அடித்து அவரையும் தடுமாற வைத்தார். புள்ளிகளில் தெளிவாகத் தோற்றார்தான். ஆனால் கின்ஷாசாவில் ஐந்து ரவுண்டுக்குள் மொத்த பலத்தையும் கொட்டித் தீர்த்து, எட்டாவதில் களைத்து விழுந்த அதே ஆள், பதினாறு வருஷம் கழித்து மூச்சைச் சேமிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். சாம்பியன் ஆன பிறகு, அதுவும் நடுத்தர வயதில், அடிப்படையையே மாற்றிக்கொண்ட ஹெவிவெயிட் வீரர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. எல்லாரும் வெற்றி தோல்விப் பட்டியலில் அந்தச் சண்டையைக் கழித்தல் பக்கம் போடுகிறார்கள். நான் கூட்டல் பக்கம் போடுவேன்.

"தோத்ததை வச்சு ஒருத்தனைப் பெரிய ஆளுன்னு சொல்ற ஒரே சப் எடிட்டர் நீதான்" என்றார் சீனியர். அலியைப் பற்றிப் பேசும்போது அவரும் 1971 தோல்வியை, பதினைந்தாவது ரவுண்டில் விழுந்து உடனே எழுந்ததைச் சொல்லித்தான் உருகுவார் என்பதை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்குள் கொல்கத்தாவில் டாஸ் போட்டாகிவிட்டது, பக்கத்தைப் பூட்ட வேண்டிய அவசரம். கிரில்லைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் வைத்தேன், தம்பிக்கு அதுவே ஏமாற்றம். அலி இரண்டாவது பத்தியில் வந்தார், கென் நார்ட்டன், ஃப்ரேஸியர் இருவரின் பேருக்கும் பின்னால். ஷுல்ஸ் விவகாரத்துக்கும் ஒரு வாக்கியம் கொடுத்தேன், அது சீனியருக்காக. ஹோலிஃபீல்டு பத்தியை இடமில்லை என்று யாராவது வெட்டுவார்கள் என்று பயந்தேன், வெட்டவில்லை. தலைப்பு: "20 ஆண்டு இடைவெளியில் மீண்டும் உலக சாம்பியன் ஆன ஃபோர்மன் காலமானார்". நீளம்தான், இரண்டு காலத்தில் மூன்று வரி தின்றது.

சீனியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பட்டியலில் ஃபோர்மனுக்கு மேலே லாரி ஹோம்ஸ் இருக்கிறார், 1978-ல் நார்ட்டனிடம் பட்டத்தை வாங்கி 20 தடவை காத்தவர், அலிக்கு அடுத்து வந்ததால் யாருமே கண்டுகொள்ளாதவர் என்கிறார். அதில் என்னால் அவரோடு முழுசாகச் சண்டை போட முடியவில்லை.