புளியங்கொட்டைப் போக்கர்: ஒரு கையின் கணக்கு

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. பாளையங்கோட்டை வீட்டில் கோடையில் புளி தட்டியபோது சேர்ந்த கொட்டைகள்தான் பந்தயம். இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025இல் ஒன்றிய அரசே தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பும் எனக்கு அதில் ஆசை இருந்ததில்லை. நான் பழக விரும்பியது வேறு. ஒரு கையில், அதாவது ஒரு சுற்று ஆட்டத்தில், எடுத்த முடிவு, திரும்பத் திரும்ப எடுத்தால் லாபமா நட்டமா என்பதை, கடைசிச் சீட்டைப் பார்க்காமலே சொல்ல முடியுமா?

அதற்காகவே ஒரு குறிப்பேடு. யார் ஜெயித்தார் என்பதற்கு அதில் இடமில்லை. நடுவில் எவ்வளவு கிடந்தது, நான் எவ்வளவு கட்ட வேண்டும், எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம், இவ்வளவுதான்.

சமீபத்தில் டெக்சாஸ் ஹோல்டெமில் வந்த ஒரு கை. இந்தப் போக்கர் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, ஐந்து சீட்டு மேசையில் பொதுவாக; இவற்றில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். என்னிடம் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் 7உம். மேசையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 9, கிளாவர் 4, இஸ்பேட் 2. இன்னும் ஒரு சீட்டு வர வேண்டும். நடுவில் 100 கொட்டை. அத்தான் தம்மிடம் மிச்சமிருந்த 50ஐயும் உள்ளே தள்ளிவிட்டார். நானும் 50 கட்டி ஜெயித்தால் 150 வரும். தோற்றால் 50 போகும். நான்கில் ஒரு முறை ஜெயித்தால் கணக்கு நேராகும்.

கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் ஒன்பது ஆர்ட்டின் சீட்டுகள்; ஒன்று வந்தால் எனக்கு ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து ஃப்ளஷ் ஆகும். அதாவது 19.6 விழுக்காடு. 25க்குக் குறைவு, ஆகவே சீட்டைக் கவிழ்த்துவிட்டு, கட்டாமல் விலக வேண்டியதுதான். பலரும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அத்தானிடம் ராஜா ஜோடி மட்டும் இருந்தால், எந்த ஏஸ் வந்தாலும் நான் ஜெயிப்பேன். மாறாக, அவர் கையில் இரண்டு 4 இருந்தால், ஆர்ட்டின் 2 வந்து எனக்கு ஃப்ளஷ் சேர்ந்தாலும் அவருக்கு மூன்று 4உம் இரண்டு 2உம் சேர்ந்து, ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் அமைந்துவிடும்.

எனவே அவர் கையை ஒவ்வொன்றாக ஊகித்தேன். அவருடைய இரண்டு சீட்டுகளும் கழிவதால், பாக்கி 46 அல்ல, 44. ராஜாவும் ராணியும் என்றால் எனக்கு உதவுவன 12 சீட்டுகள். ஒரு கைக்குச் சராசரி நாலரைக் கொட்டை லாபம். அந்த ராணியே ஆர்ட்டின் என்றால் 11 சீட்டுகள்; லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏஸும் ராஜாவும் என்றால் 9தான். ஒன்பது கொட்டை நட்டம். இரண்டு 4 என்றால் 7; பதினெட்டு நட்டம். முதலாவது 9 விதங்களில் அமையலாம், இரண்டாவது 3, மூன்றாவது 9, நான்காவது 3. இந்த எடைகளை வைத்துக் கூட்டி வகுத்தால் ஒரு கைக்கு ஏறக்குறைய நான்கு கொட்டை நட்டம். கவிழ்த்தேன்.

அத்தான் விரித்துக் காட்டியது ராஜாவும் இஸ்பேட் ராணியும்.

"கட்டியிருந்தால் உனக்குத்தானே லாபம், மாப்பிள்ளை?"

அந்த ஒரு கைக்கு எதிராக, ஆம். ஆனால் அவர் கை எனக்குத் தெரியாதே. அம்பாசமுத்திரத்தில் வயல் வைத்திருக்கும் அவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 143 அடி கொள்ளளவுள்ள பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் கார் சாகுபடியில் இறங்குகிறார். நாற்றங்காலைத் தவிர்த்த வருடம் மழை கொட்டினால், தவிர்த்தது தப்பு என்று அவர் சொல்வதில்லை. சீட்டில் மட்டும் ஏனோ சொல்கிறார்.

என்னை உண்மையில் அசத்தியது அடுத்த கணக்கு. இதே நிலையில் நூறு முறை கட்டினால் சராசரியாக 400 கொட்டை போகும். ஆனால் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் மட்டுமே சுமார் 840. ஆகவே, நட்டமான முடிவையே நூறு தடவை எடுத்த ஒருவர் லாபத்தோடு எழுந்து போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு! விரிதாளில் நூறு நூறாக ஓட்டிப் பார்த்தேன்; வரைகோடு பாதித் தூரம் மேலேறிவிட்டு அப்புறம் சரிவதும், சரியாமலே முடிவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வந்த கொட்டையை எண்ணித் திறமையை அளப்பதில் பொருளே இல்லை.

எடைகள் என் ஊகம் என்பதுதான் இதில் பலவீனமான கண்ணி. இரண்டு 4 வைத்திருப்பவர் இப்படி மொத்தமாகத் தள்ளுவாரா, அமைதியாக இருப்பாரா? அது ஆளைப் பொறுத்தது. வகுத்தல் சரியாக இருந்தும் ஊகம் பிசகினால் விடை மாறிவிடும்.

இப்போது மறுபக்கம் பழகுகிறேன். வெறுங்கையோடு, 100 கிடக்கும்போது 50 கட்டி மிரட்டினால், எதிராளி மூன்றில் ஒரு முறையாவது கவிழ்த்தால்தான் முதல் தேறும். அத்தான் எத்தனை முறை கவிழ்க்கிறார் என்று குறித்து வருகிறேன். அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.