நான்கு மாத்திரை மிச்சம்

தம்பி சிறையிலிருந்து வந்த அன்று அவன் பையில் இரண்டு சட்டை, மூடிய உறையில் ஒரு கடிதம், இரண்டு வாரத்துக்கான மாத்திரை இருந்தன. மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசியாகப் பார்க்கப் போனபோதே சொல்லியிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

உள்ளே எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எச்ஐவி இருப்பது தெரிந்தது. "வெளியில இருந்திருந்தா நான் டெஸ்டுக்கே போயிருக்க மாட்டேன்க்கா" என்றான். உண்மைதான். சிங்கப்பூரில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. இவனுக்கு முன்னதாகவே தெரிந்து, மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இருந்தவரை ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

சிக்கல் வெளியே வந்த பிறகுதான். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக அதை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கான தேதி எஸ்எம்எஸ்ஸில் வரும் என்று தம்பி சொல்லியிருந்தான். பத்தாம் நாள் இரவு, அவன் சாப்பிட்ட பிறகு மாத்திரைகளை மேசையில் கொட்டி எண்ணினேன். நான்கு. எஸ்எம்எஸ் வரவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, அவர்களிடம் இருந்தது தம்பியின் பழைய எண். ப்ரீபெய்ட் கார்டு, அவன் உள்ளே இருந்தபோதே காலாவதியாகிவிட்டது. மருத்துவச் சந்திப்புகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம் என்றால் அதற்கு சிங்பாஸ், அதாவது அரசு சேவைகளுக்கான இணையக் கணக்கு, வேண்டும். சிங்பாஸும் அதே எண்ணில்தான் இருந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் காலையில் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய், தபால்பெட்டிகள் பக்கம் ஒதுங்கி நின்று போன் செய்தேன். சந்திப்பு முந்தாநாளே முடிந்துவிட்டது, அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்துத்தான் என்றார் எடுத்தவர். சரி என்று வைத்துவிட்டேன். வைத்ததும் கை நடுங்கியது. மருந்து நின்றால் அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே மசியாமலும் போகலாம்.

மறுபடி அழைத்தேன். இந்த முறை சந்திப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. "எச்ஐவி மாத்திரை, நாலு நாளைக்குத்தான் இருக்கு, என் தம்பி இப்பதான் சிறையிலிருந்து வந்திருக்கான்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எச்ஐவி, சிறை என்ற சொற்களை வீட்டுக்கு வெளியே நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான்கடி தள்ளி ஓர் ஆன்ட்டி தபால்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். உடனே ஒரு தாதியிடம் இணைப்பு போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

அங்கே கைகொடுத்தது அந்தக் கடிதம். சிறை மருத்துவர் மருந்தின் பெயர், ஆரம்பித்த தேதி, கடைசியாகப் பார்த்த வைரஸ் அளவு எல்லாம் எழுதியிருந்தார். டாக்டர் படித்துவிட்டு அதே மருந்தைத் தொடரச் சொன்னார். மருந்தாளர் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்: தம்பி சாப்பிடும் டோலுடெகிராவிர் என்ற எச்ஐவி மாத்திரையோடு, அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைக் கூடவே போட்டுக்கொள்ளக் கூடாது, போடுவதென்றால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது கழித்து, இல்லையென்றால் ஆறு மணி நேரமாவது முன்னதாக. தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டு. கேட்காமல் வந்திருந்தால் தெரிந்திருக்காது.

பணத்துக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து எச்ஐவி மருந்துகளுக்கு அரசு மானியம் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து மாதம் 550 வெள்ளிவரை எடுக்கலாம், ஆனால் தம்பியின் கணக்கில் அதிகம் இல்லை. மிச்சத்துக்கு மருத்துவச் சமூக சேவகரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சிங்பாஸில் எண்ணை மாற்றச் சமூக மன்றத்துக் கவுன்டரில் அரை நாள் போனது.

தம்பியின் பயம் வேறு. "பேரு வெளியில போயிடுமாக்கா?" என்று பேருந்தில் மெதுவாகக் கேட்டான். 2019 ஜனவரியில் எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரங்கள் கசிந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்தை மட்டும் விடாதே என்றேன்.

அந்த வாரம் தூக்கம் வராமல் நிறையப் படித்தேன். அமெரிக்காவின் டெக்சஸ் சிறைகளிலிருந்து 2004 முதல் 2007 வரை வெளியே வந்த, எச்ஐவி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில், பத்து நாளுக்குள் மருந்துச் சீட்டுக்கு மருந்து வாங்கியவர்கள் 5.4 விழுக்காடுதான். அறுபது நாள் ஆகியும் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. முன்பு படித்திருந்தால் அலட்சியம் என்று நினைத்திருப்பேன். இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த செத்துப்போன போன் எண்தான். கைதிகளின் சிகிச்சை வெளியிலும் தொடர வேண்டும், எச்ஐவி சிகிச்சை உட்பட, என்று ஐக்கிய நாடுகளின் நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி சொல்கிறது. அது நடக்க முதல் சந்திப்பின் தேதி தாளில் எழுதி கையில் வர வேண்டும். மாத்திரை அந்தத் தேதியைத் தாண்டியும் வர வேண்டும். வெளியே வருகிறவர் சம்மதித்தால் வீட்டில் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே நீங்களே கேளுங்கள், தயங்காதீர்கள்.

அன்று மருத்துவமனைப் படிவத்தில் இரண்டாவது தொடர்பு எண்ணுக்கு ஓர் இடம் இருந்தது. எழுதலாமா என்று நான் கேட்பதற்குள் தம்பியே பேனாவை வாங்கி என் எண்ணை எழுதினான்.