ஏழாம் பதிப்பும் எட்டாம் பதிப்பும்

ஆகஸ்ட் 19, 2024

பாடநூல் பட்டியல் இன்று கைக்கு வந்தது. கல்லூரிப் புத்தகக் கடையில் ஆறு நூல்களையும் எடுத்துப் பார்த்தேன், எதையும் வாங்கவில்லை. பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்களை, அதாவது ஒவ்வொரு நூலுக்கும் உரிய தனி அடையாள எண்களை, மட்டும் குறித்துக்கொண்டேன். தலைப்பும் ஆசிரியரும் ஒன்றாகவே இருந்தாலும், பதிப்போ நூலின் வடிவமோ மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும் என்பதால், வெளியே விலை விசாரிக்க அதுவே நம்பகமானது. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகள் பாட அட்டவணையிலேயே இந்த எண்ணையும் விலையையும் இயன்றவரை வெளியிட வேண்டும் என்கிறது. எல்லா இடங்களிலும் இது வழக்கமாக வேண்டும் என்று விரும்புகிறேன். கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் தேட நாள்கள் அதிகம் தேவைப்படுகின்றன.

ஆகஸ்ட் 21

போன ஆண்டு படித்த அக்கா ஒருவர் தம்முடைய புள்ளியியல் நூலைத் தந்தார். அது ஏழாம் பதிப்பு. பட்டியலில் இருப்பது எட்டாம் பதிப்பு. நூலகத்தில் இரண்டையும் அருகருகே விரித்து, மாலை முழுவதும் ஒப்பிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தின் விளக்கம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. ஆனால் பயிற்சிப் பகுதியில் 14ஆம் கணக்கு 22ஆம் கணக்காகியிருக்கிறது, வேறொன்றில் தரவுகள் மட்டும் மாறியிருக்கின்றன. வீட்டுப்பாடம் எண்ணைச் சொல்லித் தரப்படும்போது பழைய நூலை வைத்திருப்பவர் தடுமாறுவது இதனால்தான். பழைய பிரதி கைமாறும்போது பதிப்பகத்துக்கு வருவாய் எதுவும் கிடையாது. புதிய பதிப்பு வந்துவிட்டாலோ கடைகள் பழையதைத் திரும்ப வாங்கத் தயங்குகின்றன. மருத்துவத்திலும் சட்டத்திலும் புதிய பதிப்புக்கு நியாயம் உண்டு. அடிப்படைப் புள்ளியியலுக்கு அந்த அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 22

பேராசிரியரிடம் கேட்டேன். “பழையதையே வைத்துக்கொள்ளம்மா, கணக்குகளை முழுமையாக எழுதிப் போடுகிறேன்” என்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு இதனால் ஒரு நூலின் செலவு மிச்சம்.

ஆகஸ்ட் 27

வேதியியல் நூலைப் பழைய பிரதியாக வாங்கியது வீணானது. வீட்டுப்பாடம் முழுவதும் பதிப்பகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உள்ளே நுழைய ஒரு குறியீடு வேண்டும். என் பிரதியின் உள்ளட்டையில் வெள்ளிப் பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. அந்தக் குறியீட்டை ஒரே ஒருவர், ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தாய்லாந்தில் குறைந்த விலைக்குக் கிடைத்த பாடநூல்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்ற சுபாப் கீர்ட்சாங் என்ற மாணவரின் வழக்கில், முறையாக வாங்கிய நூலை, அது வெளிநாட்டில் அச்சிடப்பட்டதாயினும், மறுபடி விற்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சுரண்டிய குறியீட்டை விற்க யாராலும் முடியாது. ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும் அனுமதியை நூலின் விலைக்கு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செப்டம்பர் 3

இயற்பியலுக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலைப் படிக்கலாம் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். 2012 முதல் அவர்கள் கல்லூரிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். இன்னும் இரண்டு நூல்களை நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம். வேதியியலுக்கு வீட்டுப்பாடத்தைத் தாளில் தர முடியுமா என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டோம். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார்கள். முதல் வீட்டுப்பாடம் வெள்ளிக்கிழமை என்பதால், இன்று மாலை குறியீட்டைத் தனியாக வாங்கிவிட்டேன்.