ஒரு பிள்ளைக்கு இடம் பார்ப்பது

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. சனி, ஞாயிறு வருவதற்குள் ஏதாவது ஒரு வீடு கிடைத்தாக வேண்டும் என்று எல்லோரும் பதறும் நேரம் அது. பெற்றோரோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கும் வளரிளம் வயதினருக்கும் தங்கி வளர இடம் பார்ப்பது என் வேலை. உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம், சிறிய இல்லம், பெரியவர்கள் துணையிருக்க வளர்ந்த பிள்ளைகள் தனித்து வாழப் பழகும் வீடு என்று பல வகை உண்டு. "இடம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காலிக் கட்டில் ஒன்று எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். அது இந்தப் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்ப்பதுதான் வேலையே.

பெற்றோர் பராமரிப்பை இழந்த குழந்தைகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கின்றன. குடும்பத்தை விட்டுப் பிரிப்பது தேவைதானா? தேவை என்றால், கொடுக்கப்போகும் பராமரிப்பு அந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா? வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிரிக்கக் கூடாது, தகுந்த காரணம் இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரித்து வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதில் என்னிடம் வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். இரண்டாவது கேள்வியோடுதான் என் நாள் போகிறது.

அதற்கு என் கையில் இருப்பது ஒரு ஃபைல். அதைப் படித்துவிட்டுத்தான் ஒரு குடும்பம் சரி என்றோ முடியாது என்றோ சொல்லும். ஆனால் ஃபைலில் என்ன பதிவாகிறது? பிள்ளை கதவை உடைத்த நாள், யாரையோ அடித்த நாள், காணாமல் போன இரவு. அமைதியாக வீட்டுப்பாடம் எழுதிய நாளுக்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. ஆக, ஒரு பிள்ளையின் மிக மோசமான நாட்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து, "இவனை வீட்டுக்குள் விடுவீர்களா?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறோம்.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். பதினோரு வயதுப் பையன். "அடிக்கடி ஓடிவிடுவான்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே குடும்பங்கள் வரிசையாக மறுத்தன. எப்போது ஓடுகிறான், எங்கே போகிறான், எப்போது திரும்புகிறான் என்பது ஃபைலில் எங்கேயும் இல்லை. அவனுடைய வகுப்பு ஆசிரியரிடம் பேசினேன். அவர் யோசிக்கவே இல்லை. "வியாழக்கிழமைதான் சார் போவான். அன்னைக்குக் கடைசிப் பீரியட் விளையாட்டு. தங்கச்சி ஸ்கூல் வாசல்ல போய் நிப்பான்," என்றார். தங்கை வேறொரு குடும்பத்தில் வளர்கிறாள். அவள் வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, இருட்டுவதற்குள் தானாகவே திரும்பிவிடுவான். அதைத்தான் ஓடிப்போவது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வரியை ஆசிரியர் சொன்னபடியே திருத்தி எழுதினேன். தங்கை இருக்கும் பகுதியிலேயே குடும்பம் தேடினோம். கிடைத்த குடும்பத்துப் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போய்ட்டு வரலாமா?"

இதற்காக, எல்லாவற்றையும் பூசி மெழுகி எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். தீ வைத்துப் பார்க்கும் பழக்கமோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமோ இருப்பதை மறைத்து அனுப்பினால் அந்தக் குடும்பம் எந்த ஏற்பாடும் இல்லாமல் மாட்டிக்கொள்ளும். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். பயந்துபோய், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளை மறுபடியும் பையைக் கட்ட வேண்டும். தன்னால்தான் இப்படி ஆனது என்று அது நினைத்துக்கொள்ளும். ஃபைலில் "அந்த வீட்டில் நிலைக்கவில்லை" என்று இன்னொரு வரி ஏறும், அடுத்த வீடு கிடைப்பது இன்னும் கடினமாகும். மறைக்கவும் கூடாது, மொட்டையாகவும் எழுதக் கூடாது. என்ன நடந்தது, எதற்குப் பிறகு நடந்தது, அப்போது எது அவனை அமைதிப்படுத்தியது என்ற மூன்றும் இருந்தால் போதும். அதைப் படித்துவிட்டு, "இதை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும்" என்று சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பொருத்தமான வீடு கிடைக்கும்வரை காத்திருக்கலாமே என்றால், கைக்குழந்தைகள் விஷயத்தில் அதுவும் ஆபத்து. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள் பல வகையில் தேறினார்கள். அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும், ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குக் கிடைத்த பலன் கூடுதலாக இருந்தது. "இப்போதைக்கு இல்லத்திலேயே இருக்கட்டும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு ஆறு மாதம் என்பது ஒரு கோப்பு நகரும் நேரம். எட்டு மாதக் குழந்தைக்கு அது ஏறக்குறைய அதன் வாழ்நாள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் நாம் அவசரத்தில் விட்டுவிடுவது வேறொன்று. அவர்களிடம் கேட்பதே இல்லை. தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989-இல் வந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அது "உனக்கு ஒரு வீடு பார்த்திருக்கோம், நல்லவங்க" என்பதோடு முடிந்துபோகிறது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியிடம், அந்த வீட்டைப் பற்றி என்ன தெரியணும்னு எழுதித் தா என்று ஒரு தாளைக் கொடுத்தேன். அவள் எழுதியது: ராத்திரி விளக்கைப் போட்டுக்கிட்டே தூங்கலாமா? ரூமுக்குள்ள வரும்போது கதவைத் தட்டுவாங்களா? கோபம் வந்தா எப்படிப் பேசுவாங்க? என் அம்மாவைப் பத்தித் தப்பாப் பேசுவாங்களா?

எங்கள் படிவத்தில் இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. தாளை அப்படியே அந்தக் குடும்பத்துக்கு அனுப்பினேன். அந்த வீட்டுப் பெண்மணி கைப்பட பதில் எழுதினார். மூன்றாவது கேள்விக்கு அவர் எழுதிய பதில்: "சத்தம் கொஞ்சம் கூடும். அப்புறம் நானே வந்து பேசிவிடுவேன்." அவள் போகச் சம்மதித்தாள். அந்தத் தாளையும் பதிலையும் இப்போது எல்லாப் பெரிய பிள்ளைகளுக்கும் வழக்கமாக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்கிறார்கள். ஒரு ஏற்பாடு முறிந்தால் மறுபடி தேட ஆகும் நேரத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபைலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தேதி வேண்டும் என்கிறேன். தனியாக வாழப் பழகும் வீட்டுக்குப் போகவிருந்த பதினாறு வயதுப் பையனின் சுருக்கக் குறிப்பில், அவன் படுக்கையை நனைப்பான் என்று இருந்தது. தோண்டிப் பார்த்தால், அது அவனுக்கு ஆறு வயதில் எழுதியது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் யாரோ அதைப் பிரதி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பதிவை அழிக்க முடியாது என்றார்கள். நியாயம்தான், மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும். ஆனால் அவனை முதன்முதலாகச் சந்திக்கப்போகிறவர்கள் படிக்கும் பக்கத்தில் அது எதற்கு? அந்தப் பக்கத்திலிருந்து அதை எடுத்த பிறகுதான் அனுப்பினேன்.