சம்பளத்தைக் குறைத்தால் அறிவு கூடுமா?

மொரீசியசில் கணக்குப் பிரிவில் இருக்கும் நம்மவர்களுக்கு. அறிவுமூலதனத்தை, அதாவது நிறுவனத்தின் ஆட்களிடமும் அமைப்பிலும் உள்ள அறிவின் மதிப்பை, அளக்க ஆண்டறிக்கை மட்டும் போதும் என்று 'வி.ஏ.ஐ.சி.' (VAIC) என்ற மதிப்பெண் முறையைத்தான் பலர் எடுக்கிறார்கள். குரோவேஷியரான ஆந்தே புலிச் உருவாக்கியது. கணக்கு எளிது, பொறியும் அதில்தான்.

இயக்க லாபம், பணியாளர் செலவு, தேய்மானம் மூன்றையும் கூட்டினால் கூட்டுமதிப்பு. அது 50 மில்லியன் ரூபாய், பணியாளர் செலவு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித மூலதனத் திறன் 50/30, அதாவது 1.67. மிச்சம் 20 கட்டமைப்பு மூலதனம்; 20/50 = 0.4. முதலீடு 100 என்றால் 50/100, இன்னொரு 0.5. மூன்றும் சேர்ந்த மதிப்பெண் 2.57.

இப்போது மூத்தவர்கள் சிலரை அனுப்பிவிட்டு 5 மில்லியன் மிச்சம் பிடியுங்கள். அது லாபத்தில் சேர்வதால் கூட்டுமதிப்பு அந்த வருடம் அப்படியே 50. மதிப்பெண்ணோ 2 + 0.5 + 0.5 = 3! அனுபவம் வாசல் தாண்டிப் போக, அறிவு 'வளர்ந்திருக்கிறது'.

இதைவிட ஒரு சாதாரணத் தாள் மேல்: வேலை, அதைத் தனியாகச் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்கள் ஓய்வுபெறும் ஆண்டு. 'ஒருவர்' என்று வரும் வரிகளை முதலில் பாருங்கள். சர்க்கரை ஆலையில் பாகு பதம் பார்ப்பவர் அப்படித்தான். பாகைக் கண்ணாடியில் தடவி, சர்க்கரை மணியின் அளவைப் பார்த்து முடிவெடுப்பார். கையேடு எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் தாண்டாது. ஜூனில் அரவை தொடங்கும்போதே இருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பாதிப் பருவம் பார்க்கட்டும், மீதியில் அவர்கள் செய்ய அவர் பார்க்கட்டும்.

அந்தப் பயிற்சிச் செலவைச் சொத்தாகக் காட்ட முடியாது. தொட்டுணர முடியாத சொத்துகளுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரம் 38 (IAS 38) விடாது.